83 ஆட்டங்கள், 144 ஆட்டங்கள், 3 புள்ளி வித்தியாசம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷன், அதாவது மேல்மட்டப் பிரிவு, ஆண்கள் கூடைப்பந்தில் மொத்தமாக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் யார் என்று கேட்டால் 1970லிருந்து ஒரே பதில்தான்: பீட் மாராவிச், 3,667. 2023 மார்ச் 2 அன்று இரவு அந்தப் பதில் மாறிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் ஹொரைசன் லீக் காலிறுதி. டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் ஆன்ட்வான் டேவிஸ் 3,642 புள்ளிகளோடு இறங்கினார். 25 எடுத்தால் சமன், 26 எடுத்தால் சாதனை. அந்த சீசனில் அவருடைய சராசரியே ஆட்டத்துக்கு 28க்கு மேல். அன்றைக்கு எடுத்தது 22. அணி 71-66 என்று தோற்றது, சீசன் அத்தோடு முடிந்தது, கணக்கு 3,664ல் நின்றுபோனது. இன்னும் ஒரே ஒரு த்ரீ பாயின்டர், அதாவது தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் கூடை, விழுந்திருந்தால் மாராவிச்சுக்குச் சமமாகியிருப்பார்.

அதற்குப் பிறகு வழக்கமான சண்டைதான். ஒரு தரப்பு, "அவர் 83 ஆட்டத்தில் எடுத்தார், இவருக்கு 144 ஆட்டம் தேவைப்பட்டது, இதில் என்ன ஒப்பீடு?" என்றது. இன்னொரு தரப்பு, "அந்தக் காலத்தில் எதிரே ஆடியவர்கள் யார் என்று பாருங்கள்" என்றது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்புமே பேசாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கல்லூரி ஷூட்டிங் கார்டின் மொத்தப் புள்ளிகளைத் தீர்மானிப்பதில் குறி பார்க்கும் திறமைக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, எத்தனை முறை எறிய அவரை விட்டார்கள், யார் விட்டார்கள், எத்தனை வருடம் விட்டார்கள் என்பதில் இருக்கிறது.

களத்தில் ஐந்து பேர். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்குபவர் பாயின்ட் கார்டு. அவருக்கு அடுத்து, வளையத்திலிருந்து தள்ளி நின்று எறிந்து புள்ளி சேர்ப்பவர் ஷூட்டிங் கார்டு. இன்றைய கல்லூரி ஆட்டம் ஒன்றில் ஓர் அணியின் கைக்குப் பந்து சுமார் 70 முறை வரும். அதை ஐந்து பேர் பங்கிட வேண்டும். கிரிக்கெட்டில் ஏழாவதாக இறங்குபவர் எவ்வளவு நல்ல பேட்ஸ்மேனாக இருந்தாலும் தொடக்க ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் அளவு பந்துகள் அவருக்குக் கிடைக்காது இல்லையா, அந்த மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால் கூடைப்பந்தில் பேட்டிங் வரிசை என்று எழுதி ஒட்டப்பட்ட ஒன்று கிடையாது. யார் எறியலாம் என்பது பயிற்சியாளர் மனதில் இருக்கிறது. மாராவிச்சுக்கும் டேவிஸுக்கும் அந்தப் பயிற்சியாளர் அவரவர் அப்பா.

பிரெஸ் மாராவிச் செர்பியக் குடும்பத்துப் பிள்ளை, பென்சில்வேனியாவின் அலிக்விப்பா என்ற இரும்பாலை ஊர்க்காரர். கிளெம்சன், நார்த் கரோலினா ஸ்டேட் என்று பயிற்சி கொடுத்துவிட்டு 1966ல் லூசியானா ஸ்டேட்டுக்கு, அதாவது எல்எஸ்யூவுக்கு வந்தார். மகனுக்கு வெஸ்ட் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேல் ஆசை. அப்பா விடவில்லை. சிறுவயதிலிருந்தே மகனை வைத்துச் செய்த பயிற்சிகள் எல்லாம் அவருடைய கண்டுபிடிப்புதான். அப்பா காரை ஓட்ட, மகன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சாலையில் பந்தைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். வேகம் கூடும், குறையும், பந்து கையை விட்டுப் போகக் கூடாது. சினிமாவுக்குப் போனால் ஓர இருக்கையில் உட்கார்ந்து படம் முடியும்வரை நடைபாதையில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பான் பையன். பக்கத்து இருக்கைக்காரர்கள் பாவம்.

எல்எஸ்யூ அப்போது அமெரிக்கக் கால்பந்துக்குப் பேர்போன இடம். கூடைப்பந்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆடிய அரங்கத்துக்கே 'மாட்டு மாளிகை' என்று பட்டப்பெயர், ஏனென்றால் அங்கே கால்நடைக் கண்காட்சியும் நடக்கும். முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதி 1972 வரை இருந்தது. அதனால் பீட் 1966-67ல் முதலாண்டு அணியில் ஆடினார். 17 ஆட்டம், 741 புள்ளி. அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வரும். அது முடிந்ததும், அடுத்து முதன்மை அணி ஆட வரும்போது கலைந்துவிடும். அந்த முதன்மை அணி அந்த வருடம் மூன்றே மூன்று ஆட்டத்தில்தான் வென்றது. 23ல் தோல்வி.

அடுத்த வருடம் மகன் கைக்குப் பந்து வந்தது. அப்பா பச்சைக்கொடி காட்டினார் என்று சொன்னால் போதாது, சாவியையே கொடுத்துவிட்டார். 1967-68ல் பீட் 26 ஆட்டத்தில் 1,022 முறை எறிந்தார். ஆட்டத்துக்கு 39 முறை! இன்று ஒரு கல்லூரி அணி முழுவதும் சேர்ந்தே ஆட்டத்துக்கு 60 முறை எறிவதே வழக்கம். மூன்று சீசன்களையும் கூட்டினால் 3,166 எறிதல், அதில் விழுந்தவை 1,387. கூடவே ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல்களில், 893. த்ரீ பாயின்டர் இல்லாத காலம் என்பதால் கணக்கு சுலபம்: 1,387ஐ இரண்டால் பெருக்கினால் 2,774, அதனுடன் 893 சேர்த்தால் 3,667. சராசரி 44.2.

விழுந்த விகிதம் 44 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மோசமில்லை, ஆனால் அதிசயமும் இல்லை. அதிசயம் எண்ணிக்கையில்தான். ஒருவர் ஆட்டத்துக்கு 38 முறை எறிந்து, அத்தனை பேர் மேலே விழுந்து தடுத்தும் 44 சதவீதத்தை விடாமல் வைத்திருந்தார் என்பது வேறு யாராலும் செய்துகாட்டப்படாத ஒன்று. சும்மா எறிபவர் மட்டுமாகவும் அவர் இருக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்தும், கால்களுக்கு நடுவிலும், பார்க்காமலும் பந்தைத் தள்ளிவிடுவார். ஆட்டத்துக்கு ஐந்து முறை சக வீரர் கூடை போட வழிசெய்திருக்கிறார். சுருண்டு தொங்கும் காலுறைகளோடு அவர் ஓடும் பழைய படங்களைப் பார்த்தால், இன்றைய ஆட்டக்காரர் ஒருவரைப் பிடித்து அந்தக் காலத்தில் போட்டுவிட்டார்களோ என்று தோன்றும்.

சரி, அணிக்கு என்ன கிடைத்தது? 1970 பிப்ரவரி 7ல் அலபாமாவுக்கு எதிராக 57 முறை எறிந்து 69 புள்ளி எடுத்தார். எல்எஸ்யூ 106-104 என்று தோற்றது. அதே மாதம் கென்டக்கிக்கு எதிராக 64. அதிலும் தோல்வி, எதிரணியில் டான் இஸ்ஸல் 51 எடுத்தார். மாராவிச் ஆடிய மூன்று வருடத்தில் எல்எஸ்யூவின் வெற்றி தோல்வி 14-12, 13-13, 22-10. என்சிஏஏ தொடருக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. கடைசி வருடம் நியூயார்க்கில் நடந்த என்ஐடி என்ற இன்னொரு கல்லூரித் தொடரின் அரையிறுதியில் மார்கெட் பல்கலைக்கழகத்திடம் வாங்கிய அடியோடு கல்லூரி வாழ்க்கை முடிந்தது. காயத்தால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. அதில் எல்எஸ்யூவை வென்ற ராணுவ அணியின் பயிற்சியாளர் பாபி நைட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

"த்ரீ பாயின்டர் கோடு இருந்திருந்தால்…" என்று ஆரம்பிக்கும் வாதம் ஒன்று உண்டு. எல்எஸ்யூவின் பிற்காலப் பயிற்சியாளர் டேல் பிரவுன், பழைய குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டதில் மாராவிச்சின் சராசரி 57 வரும் என்று சொன்னதாக ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை குறைவு. கோடு இருந்தால் தடுப்பவரும் அங்கேயே வந்து நிற்பார், எறிபவரும் வேறு மாதிரி எறிவார். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிட முடியாது.

அதே போல, மறுபக்கத்தில் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. எல்எஸ்யூ ஆடிய, தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் லீகில் கறுப்பின வீரர் ஒருவர் முதன்முதலாக முதன்மை அணிக்கு ஆடியது 1967 டிசம்பரில். வாண்டர்பில்ட்டின் பெரி வாலஸ். மாராவிச் முதன்மை அணியில் இறங்கிய அதே மாதம்! எல்எஸ்யூவின் கூடைப்பந்து அணிக்கு முதல் கறுப்பின வீரர் வந்ததே மாராவிச் போன பிறகுதான். அந்த மூன்று வருடமும் அவரைத் தடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர், அந்த மாநிலங்களின் திறமைசாலிகளில் பலரை நிறத்தைக் காட்டி வெளியே நிறுத்திவிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மாராவிச்சின் குற்றம் இல்லை இது. ஆனால் 83 ஆட்டம் என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசத்தான் வேண்டும்.

இந்தச் சாதனை அரை நூற்றாண்டு நின்றதற்குக் காரணம் தேடினால், வேடிக்கையாக, டெட்ராய்டுக்கே போக வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து விதிப்படி பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகும்வரை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் யாரும் சேர முடியாது. டேவிஸ் பிற்பாடு ஆடிய அதே பல்கலைக்கழகத்தில் 1968-69ல் ஸ்பென்சர் ஹேவுட் என்றொருவர் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். பிறகு சியாட்டில் அணியில் சேர்ந்தபோது என்பிஏ தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1971ல் அவர் பக்கம் முடிந்தது. அதன் பிறகு கதவு திறந்துகொண்டது. உண்மையிலேயே பெரிய திறமைசாலிகள் கல்லூரியில் மூன்று நான்கு வருடம் இருப்பது படிப்படியாகக் குறைந்து, இப்போது ஒரே வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மாராவிச் அளவு திறமை இருப்பவர் தங்க மாட்டார். தங்குபவரிடம் அந்தத் திறமை இருக்காது, அல்லது இருந்தும் என்பிஏவுக்குத் தேவையான உயரம் இருக்காது.

ஆன்ட்வான் டேவிஸ் இந்த இரண்டாவது வகை. ஆறடி ஓரங்குலம், ஒல்லி உடம்பு. மாராவிச் ஆறடி ஐந்தங்குலம். இந்த நான்கு அங்குலத்தில் நிறைய இருக்கிறது. கல்லூரியில் ஆறடி ஓரங்குலக்காரர் ஷூட்டிங் கார்டாகக் காலம் தள்ளலாம். என்பிஏவில் அவரைத் தடுக்க ஆறடி ஆறங்குலக்காரர் வருவார், இவர் யாரைத் தடுப்பது என்ற கேள்வியும் வரும்.

அவருடைய அப்பா மைக் டேவிஸ். பாபி நைட்டை நினைவிருக்கிறதா? அவர் பிற்காலத்தில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கோலோச்சி, 2000ல் அங்கிருந்து நீக்கப்பட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் மைக் டேவிஸ். 2002ல் இந்தியானாவை என்சிஏஏ இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். பிறகு சிறிய கல்லூரிகள். 2018ல் டெட்ராய்ட் மெர்சிக்கு வந்தபோது, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடுவதாக முன்பே சம்மதித்திருந்த மகன் மனதை மாற்றிக்கொண்டு அப்பாவோடு வந்துவிட்டார். ஹூஸ்டன் அப்போதே வளர்ந்துவரும் அணி. அங்கே முதல் வருடம் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்திருக்கலாம். டெட்ராய்டில் முதல் நாளிலிருந்தே பந்து அவர் கையில்.

முதல் சீசனிலேயே சராசரி 26. 132 த்ரீ பாயின்டர். முதலாண்டு மாணவருக்கான இந்தச் சாதனை அதுவரை டேவிட்சன் கல்லூரியில் ஆடிய ஸ்டெஃப் கரியிடம் இருந்தது, 122. டேவிஸின் இரண்டாவது வருடத்தில் கல்லூரி ஆட்டத்தின் த்ரீ பாயின்டர் கோட்டையே 20 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஐந்து வருட முடிவில் 588 த்ரீ பாயின்டர், அதுவரை இருந்த 509 என்ற சாதனையைவிட எங்கோ மேலே. 588ஐ மூன்றால் பெருக்கினால் 1,764. மொத்தப் புள்ளிகளில் கிட்டத்தட்ட பாதி, மாராவிச் காலத்தில் இல்லாத ஒரு கோட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதே எறிதல்களை 1970ன் விதிப்படி எண்ணினால் 588 புள்ளி கழிந்துவிடும். இப்படிக் கழிப்பதும் டேல் பிரவுன் கூட்டியதைப் போலத்தான், ஒரு அளவுக்கு மேல் அர்த்தம் இல்லை. ஆனாலும் எண் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

டேவிஸிடம் எனக்குப் பிடித்த எண் வேறு. 144 ஆட்டத்திலும் ஒருமுறைகூட 10 புள்ளிக்குக் கீழே போனதில்லை. காய்ச்சலோ, கால் வலியோ, எதிரணி இரண்டு பேரை அவர் மேல் ஏவிவிட்ட நாளோ, எதுவானாலும் இரட்டை இலக்கம் வந்துவிடும். அணியில் வேறு யாரைத் தடுப்பது என்று எதிரணி கவலைப்படத் தேவையில்லாத நிலையில் இப்படி ஐந்து வருடம் ஆடியிருக்கிறார் என்பதை யோசித்தால், மொத்தப் புள்ளியைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த ஐந்தாவது வருடம் கொரோனா கொடுத்தது. 2020-21 சீசனை யாருக்கும் கணக்கில் எடுப்பதில்லை என்று என்சிஏஏ முடிவு செய்ததால் எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. 2022ல் அவர் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான பட்டியலில் பெயர் கொடுத்தார். பெரிய பெரிய இடங்களிலிருந்து அழைப்பு. அப்போது மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி வந்திருந்தது. கடைசியில் எங்கும் போகாமல் அப்பாவிடமே திரும்பிவிட்டார். போயிருந்தால் தொலைக்காட்சியில் அதிகம் தெரிந்திருப்பார், கையில் காசும் சேர்ந்திருக்கும். ஆனால் பெரிய அணியில் பந்து ஐந்து பேர் கைக்கும் சுற்றும், 28 சராசரி நடக்காது. மாராவிச்சின் பெயரோடு அவர் பெயர் சேர்த்துப் பேசப்பட்டதே திரும்பி வந்ததால்தான்.

யங்ஸ்டவுன் தோல்விக்குப் பிறகு ஒரு சின்ன வழி பாக்கி இருந்தது. கல்லூரிகள் பணம் கட்டி ஆடும் ஒரு தொடர் இருந்தது, சிபிஐ என்று பெயர், அப்போது கட்டணம் 27,500 டாலர். அதில் ஒரு ஆட்டம் ஆடினாலே போதும், நான்கு புள்ளிதானே. ஆனால் டெட்ராய்ட் மெர்சியின் கணக்கு 14 வெற்றி, 19 தோல்வி. ஒருவருடைய சாதனைக்காகக் காசு கட்டி இடம் வாங்குவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. அழைப்பு வரவில்லை. டேவிஸ் தரப்புக்கு வருத்தம். எனக்கு இதில் இரண்டு மனம் உண்டு. காசு கட்டினால் யாரும் ஆடலாம் என்று கடையைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவருக்கு மட்டும் தகுதி பார்ப்பது நன்றாக இல்லை. அதே சமயம் அங்கே போய் மாராவிச்சைத் தாண்டியிருந்தால், அந்தச் சாதனையின் பக்கத்தில் வாழ்நாள் முழுவதும் ஒரு நட்சத்திரக்குறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் நடந்தவை, எறியும் உரிமையின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. புதிய வீரர்களை என்பிஏ அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில், 2023ல் டேவிஸை எந்த அணியும் எடுக்கவில்லை. அவர் போன அடுத்த சீசனில் டெட்ராய்ட் மெர்சி ஆடிய 32 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. 2024 மார்ச்சில் அப்பாவின் வேலையும் போனது. ஐந்து வருடம் ஒருவரைச் சுற்றியே கட்டிய அணியிலிருந்து அந்த ஒருவரை உருவினால் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

மாராவிச்சின் கதை வேறு மாதிரிப் போனது. 1970 ட்ராஃப்டில் மூன்றாவதாக அட்லாண்டா அணி எடுத்தது. ஒப்பந்தத் தொகை அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது, அணிக்குள்ளேயே புகைச்சல் கிளப்பியது. பிறகு நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ். 1976-77ல் ஆட்டத்துக்கு 31.1 புள்ளியோடு என்பிஏவில் முதலிடம், நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68. முழங்கால் விட்டுக்கொடுத்ததால் 1980ல் ஓய்வு. 1988 ஜனவரி 5ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு தேவாலயத்து அரங்கில் நண்பர்களோடு பொழுதுபோக்காக ஆடும்போது சுருண்டு விழுந்து இறந்தார். வயது 40. பரிசோதனையில் தெரிந்தது: பிறவியிலேயே அவருக்கு இதயத்தின் இடது கரோனரி ரத்தக்குழாய் கிடையாது. அந்த இதயத்தை வைத்துக்கொண்டுதான் பத்து வருட என்பிஏவும், அதற்கு முன் அந்த 3,166 எறிதல்களும்.

2024 மார்ச் 3ல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க், ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று 3,667ஐத் தாண்டினார். அந்த சீசனின் முடிவில் 3,951. எனவே என்சிஏஏவின் முதல் டிவிஷனில் ஆண் பெண் சேர்த்துப் பார்த்தால் மாராவிச் இப்போது முதலிடத்தில் இல்லை. ஆண்கள் பட்டியலில் மட்டும் இன்னும் அவர்தான்.

ஆண்களில் இனி யார் நெருங்குவார்கள் என்று பார்த்தால் மாக்ஸ் ஏஸ்மஸின் பாதை எனக்குச் சரியான உதாரணமாகப் படுகிறது. ஓரல் ராபர்ட்ஸ் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடி 2020-21ல் நாட்டிலேயே அதிகச் சராசரி எடுத்த கார்டு. நான்கு வருடம் அங்கே. கொரோனா கொடுத்த ஐந்தாவது வருடத்துக்கு டேவிஸ் எடுக்காத முடிவை எடுத்தார், டெக்சஸுக்கு மாறினார். சராசரி சுமார் 22லிருந்து 17க்கு இறங்கியது. மொத்தம் 3,132ல் முடிந்தது. பழைய இடத்திலேயே அதே 22ஐ எடுத்துக்கொண்டிருந்தாலும் 3,300ஐ ஒட்டித்தான் வந்திருப்பார், மாராவிச்சைத் தொட அப்போதும் 350 புள்ளிக்கு மேல் பாக்கி. அந்தக் கூடுதல் கொரோனா வருடமும் இப்போது சேர்கிற மாணவர்களுக்குக் கிடையாது.